பெயின்ட்பால் ஏர் ஃபிட்டிங் செட்: அடாப்டர் அருமை, எல்போ பழைய பித்தளைக்கு

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரக்காரர்கள் இத்தோடு போகலாம். ஆன்லைனில் நாலாயிரத்துச் சொச்சத்துக்கு விற்கும் இந்த ஏர் ஃபிட்டிங் செட்டில் (பெயின்ட்பால் துப்பாக்கிக்குக் காற்றுக் கொண்டுபோகும் இணைப்புச் சாமான்கள்), காற்று பாட்டிலை மாட்டும் ஆன்-ஆஃப் அடாப்டர் நல்ல சாமான். சுருள் ஹோஸ் காசுக்குப் பழுதில்லை. ஸ்லைடு வால்வு நான் நினைத்ததைவிட நன்றாகவே இருக்கிறது. எல்போ என்கிற வளைவு இணைப்பு இரண்டையும் பழைய பித்தளைக்குப் போட்டுவிடலாம். கசிவைத் தடுக்கும் வளையமான ஓ-ரிங் பாக்கெட்டைப் பிரிக்கவே வேண்டாம்.

பெட்டியில் கம்பெனிப் பெயர் எதுவும் இல்லை. கறுப்பு ஸ்பாஞ்சுக்குள் சாமான்களைப் பதித்து வைத்திருக்கிறார்கள், ஒரு துண்டுக் காகிதத்தில் படம் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். அழுத்தம் எத்தனை தாங்கும் என்று ஹோஸில் மட்டும் அச்சிட்டிருக்கிறது. மற்றதெல்லாம் நாமே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

நான் காரைக்குடியில் லேத் பட்டறை வைத்திருப்பவன். போர் மோட்டார் ஷாஃப்ட், டிராக்டர் ஹைட்ராலிக் ஹோஸ், மில்லுக்கு புஷ் என்று ஓடுகிற பிழைப்பு. பெயின்ட்பாலுக்கும் எனக்கும் சம்பந்தம் வந்தது கானாடுகாத்தான் பக்கம் தோப்பில் மைதானம் போட்டிருக்கிற ஒரு தம்பியால். மலேசியாவில் இருந்தபோது பிடித்த பழக்கமாம். பெரிய வீடுகளைச் சுற்றிப் பார்த்து, ஆத்தங்குடிக் கல் தரையில் படுத்துப் படம் எடுத்து, மதியம் கோழி வறுவலை ஒரு கை பார்த்துவிட்டு, சாயங்காலம் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிற ஐ.டி. பிள்ளைகள் சனி ஞாயிறில் அவனுக்கு வாடிக்கை. துப்பாக்கிகள் டிப்மேன் 98 மாடல். எங்கே காற்று கசிந்தாலும் "அண்ணே, சீறுதுண்ணே" என்று நேரே என் பட்டறைக்கு வந்துவிடுவான். இந்தச் செட்டை வாங்கியது அவன். பிரித்து மேய்ந்தது நான்.

விளையாட்டு தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. பெயின்ட் நிரப்பிய ஜெலட்டின் குண்டு, 0.68 அங்குல விட்டம். அதைத் தள்ளுவது காற்று. வேகம் நொடிக்கு 300 அடியைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான வரம்பு; பல மைதானங்களில் 280-க்குள் வைத்துக்கொள்வார்கள். 1981-இல் அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷைர் காட்டில் முதல் ஆட்டம் ஆடியபோது கையில் இருந்தது மரத்தில் குறி போடுவதற்காகச் செய்த துப்பாக்கி. 12 கிராம் கார்பன் டை ஆக்சைடு குப்பியைப் போட்டுச் சுடுவது, தீர்ந்தால் அடுத்த குப்பி. பெரிய பாட்டிலைத் திருகி மாட்டும் ஏற்பாடு பிற்பாடு வந்தது. ஃபிட்டிங் தொல்லைகளும் அதோடுதான் வந்தன.

இப்போது பாட்டிலில் இரண்டு வகை. ஒன்று கார்பன் டை ஆக்சைடு. உள்ளே திரவமாக இருக்கும், மேலே ஆவியாகி வரும். மற்றொன்று வெறும் காற்றை 3000 அல்லது 4500 பிஎஸ்ஐக்கு (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்கிற அழுத்தக் கணக்கு) அடைத்தது. பாட்டில் தலையிலேயே ரெகுலேட்டர் இருந்து 800, 850 பிஎஸ்ஐக்கு இறக்கித் துப்பாக்கிக்குக் கொடுக்கும்.

நம் ஊரில் எது என்று கேட்டால், யோசிக்காமல் காற்று. காரணம் வெயில். கார்பன் டை ஆக்சைடு 21 டிகிரியில் கிட்டத்தட்ட 850 பிஎஸ்ஐ காட்டும். குளிர் தேசத்துக்காரர்கள் அந்தக் கணக்கில்தான் துப்பாக்கி செய்தார்கள். 31 டிகிரியைத் தாண்டினால் அந்த வாயுவுக்குத் திரவ நிலையே கிடையாது. எவ்வளவு அழுத்தினாலும் திரவமாகாது. அப்புறம் அழுத்தம் எவ்வளவு ஏறும் என்பது பாட்டிலில் எவ்வளவு அடைத்தோம் என்பதைப் பொறுத்தது. சரியான எடைக்கு முழுக்க நிரப்பிய பாட்டிலே 40 டிகிரியில் 1500-ஐத் தொடும். அதற்கு மேல் கொஞ்சம் கூடுதலாக அடைத்துவிட்டு, சித்திரை வெயிலில் கார் டிக்கியில் வைத்தால், வால்வில் இருக்கிற பாதுகாப்புத் தகடு கிழிந்து வாயு வெளியேறும். தகடு கிழிவது நல்லதுதான், அதற்காகத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் பக்கத்தில் நிற்பவருக்கு அது அப்படித் தோன்றாது. தோப்பு வீட்டு ஆச்சி ஒரு தடவை சாதாரணமாகக் காற்றை இறக்கிவிடும் சத்தத்துக்கே வாசலுக்கு வந்து, "ஏப்பா, அது அடுப்பு சிலிண்டரா, வேற சிலிண்டரா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

சரி, செட்டுக்கு வருகிறேன்.

ஆன்-ஆஃப் அடாப்டரைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. துப்பாக்கிப் பிடியின் அடியில் இரண்டு ஸ்க்ரூவில் உட்காரும், அதில் பாட்டிலைத் திருக வேண்டும். ஏ.எஸ்.ஏ. என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். பாட்டில் தலையில் நடுவில் ஒரு ஊசி இருக்கும். அடாப்டருக்குள் இருக்கும் முளை அதை அழுத்தினால்தான் காற்று வரும். சாதா அடாப்டரில் இந்த முளை நிலையானது. பாட்டிலைத் திருகத் திருகவே ஊசி அழுந்திக் காற்று வந்துவிடும். கழற்றும்போது அழுத்தத்தோடு கழற்ற வேண்டியிருக்கும், ஓ-ரிங் கிழிந்து பறக்கும். அந்த வகையை வைத்திருப்பவர்கள் முக்கால் சுற்று மட்டும் கழற்றி ஊசியை மூடவிட்டு, மிச்சக் காற்றைச் சுட்டுத் தீர்த்துவிட்டுத்தான் முழுக்கக் கழற்ற வேண்டும். வாரக் கடைசிக்கு வருகிற பிள்ளைகளிடம் இதைச் சொல்லிப் புரிய வைக்க முடியுமா?

ஆன்-ஆஃப் வகையில் குமிழைத் திருகினால்தான் முளை முன்னே வரும். மூடினால் ஊசி விடுபட்டு, துப்பாக்கிக்குள் மிச்சமிருக்கிற காற்று பக்கத்துத் துளை வழியாக வெளியேறிவிடும். பிறகு பாட்டில் விரலால் திருகினாலே கழன்று வரும். இந்தச் செட்டில் குமிழின் மரை சுத்தமாக வெட்டியிருக்கிறது, ஆட்டமில்லை. முளையின் நீளமும் சரி. முளை குட்டையாக இருந்தால் ஊசி பாதிதான் திறக்கும், நாலு குண்டு வேகமாகச் சுட்டதுமே துப்பாக்கி மூச்சு வாங்கும். இது வாங்கவில்லை. காற்றை இறக்கும் துளை மட்டும் சுடுபவரின் கை பக்கமாகப் பார்க்கிறது. எதிர்ப்பக்கம் வைத்திருக்கலாம்.

பாட்டில் மரையைப் பற்றி லேத்காரனாக ஒன்று சொல்லியே ஆக வேண்டும். அதன் வெளிவிட்டம் 0.825 அங்குலம், அங்குலத்துக்கு 14 மரை. இதைக் கேட்டதும் நம் ஊர் பைப் கடைக்காரர் அரை இஞ்ச் பைப் மரைதானே என்பார். விட்டமும் அதேதான், எண்ணிக்கையும் அதேதான். மரையின் கோணம்தான் வேறு. நம் பைப் மரை 55 டிகிரி, பாட்டில் மரை 60 டிகிரி. இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று போய் இறுகவும் செய்யும். மரை வெட்டும் அரை இஞ்ச் டேப் போட்டு நானே அடாப்டர் கடைந்து தருகிறேன் என்று யாராவது சொன்னால், கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். அங்கே நிற்பது தண்ணீர்த் தொட்டி அழுத்தம் இல்லை.

இனி எல்போ. துப்பாக்கி உலகம் முழுக்க சின்ன இணைப்புகள் எல்லாம் 1/8 என்பிடி என்கிற அமெரிக்கப் பைப் மரை. கேஜ், ஹோஸ் முனை, எல்போ எல்லாம் அதுதான். அங்குலத்துக்கு 27 மரை, போகப் போகச் சரிவாக இறுகும். நம் ஊரில் காற்றுச் சாமான் கடையில் 1/8 என்று கேட்டால் வருவது பிஎஸ்பி என்கிற பிரிட்டிஷ் பைப் மரை, அங்குலத்துக்கு 28. விட்டமும் அரை மில்லிமீட்டருக்கு மேல் சின்னது. பிஎஸ்பி எல்போவை என்பிடி ஓட்டையில் வைத்தால் முதலில் லொடலொடவென்று ஆடும். டெஃப்லான் டேப்பை நாலு சுற்றுச் சுற்றி ஸ்பேனரைப் போட்டால் கிண்ணென்று நிற்கும். உள்ளே மரையின் முகடு மட்டும்தான் பிடித்திருக்கும். பஞ்சர் கடைக் கம்ப்ரஸரின் எட்டு, பத்து பாருக்கு அது பேசாமல் இருக்கும். இங்கே 55 பார், அதாவது அந்த 800 பிஎஸ்ஐ.

இந்தச் செட்டில் வந்த எல்போ இரண்டையும் மரை கேஜில் வைத்துப் பார்த்தேன். ஒன்று 27, இன்னொன்று 28. ஒரே பெட்டி, ஒரே நிக்கல் பளபளப்பு, பக்கத்தில் பக்கத்தில் படுத்திருக்கின்றன. கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. கேஜ் இல்லாத ஆள் இதை வீட்டில் உட்கார்ந்து மாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இந்த ஒன்றுக்காகவே எல்போவுக்கு நான் பூஜ்யம் கொடுக்கிறேன்.

கூட ஒரு முழம் நைலான் குழாயும் வைத்திருக்கிறார்கள். குழாயில் குறையில்லை, கால் அங்குலக் குழாய், அதாவது 6.35 மில்லிமீட்டர். அது தீர்ந்ததும் நாம் என்ன செய்வோம் என்பதில்தான் பிரச்சினை. கடையில் நீல நிற 6 மில்லிமீட்டர் பியூ குழாய் மீட்டர் கணக்கில் தொங்கும். எல்போவில் செருகினால் உட்காரவும் செய்யும், இழுத்துப் பார்த்தால் நிற்கவும் செய்யும். அது கம்ப்ரஸர் வேலைக்கான குழாய், பத்து பார் அளவுக்குச் செய்தது. தயவுசெய்து வேண்டாம். நைலான் குழாயைக் கார்பன் டை ஆக்சைடோடும் சேர்க்கக் கூடாது. அந்த வாயு திரவமாகவே வந்துவிட்டால் குளிரில் குழாய் விறைத்து நொறுங்கும். டிப்மேன் 98-இல் வருகிற எஸ்.எஸ். பின்னல் ஹோஸ் இரண்டுக்கும் தாங்கும். தம்பியின் துப்பாக்கிகளில் அதைத் தொடவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆக, எல்போவும் நைலான் குழாயும் அவனுக்குத் தேவையே இல்லாத சாமான். செட் என்றால் இப்படித்தான், வேண்டாததையும் தலையில் கட்டிவிடுவார்கள்.

சுருள் ஹோஸ்தான் அவன் இதை வாங்கியதற்கே காரணம். பாட்டிலை இடுப்புப் பையில் வைத்துக்கொண்டு, ஹோஸ் வழியாகத் துப்பாக்கிக்குக் காற்று. பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்குத் துப்பாக்கியின் கனம் பாதியாகக் குறைந்துவிடும். ஹோஸை நம்பி மாட்டும் முன் தண்ணீரால் சோதித்தேன். காற்றால் சோதிக்காதீர்கள், காற்று விரிந்து வெடிக்கும், தண்ணீர் என்றால் கசிந்ததோடு அழுத்தம் இறங்கிவிடும். என் டெஸ்ட் பம்ப் பிஎஸ்பி, ஹோஸ் என்பிடி என்பதால் ஒரு பக்கம் அது, மறுபக்கம் இது என்று ஒரு பித்தளை இணைப்புக் கடைய வேண்டியிருந்தது. 100 பாரில் அரை மணி நேரம் விட்டேன், கேஜ் முள் அசையவில்லை. பிரஸ் செய்த முனைகள் இரண்டும் காய்ந்தே இருந்தன. மேல் உறை மட்டும் வெயிலில் பிசுபிசுக்கிறது. செம்மண் அதில் அப்பிக்கொண்டால் துடைத்தாலும் போகாது.

ஹோஸின் துப்பாக்கிப் பக்கத்தில் ஸ்லைடு வால்வு. உறையை ஒரு பக்கம் தள்ளினால் காற்று போகும், மறுபக்கம் தள்ளினால் பாட்டில் பக்கத்தை மூடி, துப்பாக்கிப் பக்கக் காற்றை வெளியே விட்டுவிடும். இது இல்லாத ஹோஸை வாங்கவே வாங்காதீர்கள். அழுத்தத்தோடு இணைப்பைக் கழற்றினால் ஹோஸ் சாட்டையாக அடிக்கும். செட்டில் வந்த வால்வு சுகமாகத் தள்ளுகிறது, பாதியில் நிற்பதில்லை. மைதானத்துப் புழுதியில் விழுந்தால் கரகரவென்கிறது. பிரித்துத் துணியால் துடைத்து, சிலிக்கான் கிரீஸ் தொட்டு வைத்தால் பழையபடி ஆகிவிடுகிறது.

அதற்கு அடுத்து விரைவு இணைப்பு. இங்கே எல்லோரும் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று இருக்கிறது. ஹோஸ் முனையில் பெண் சாக்கெட், துப்பாக்கிப் பக்கம் ஆண் நிப்பிள். இந்த நிப்பிள் வெறும் ஓட்டையாக இருக்க வேண்டும், எதிரே வெளிச்சத்தில் பிடித்தால் ஓட்டை தெரிய வேண்டும். கழற்றியதும் துப்பாக்கியில் தங்கிய காற்று அதன் வழியாக வெளியேறிவிடும். ஆனால் பாட்டிலில் காற்று நிரப்புகிற நிப்பிளும் வெளியே பார்க்க அச்சு அசல் இதேதான். உள்ளே ஒருவழி வால்வு இருக்கும். அதைத் தெரியாமல் துப்பாக்கியில் போட்டால், ஹோஸைக் கழற்றிய பிறகும் துப்பாக்கிக்குள் காற்று நிற்கும். காற்று இல்லை என்று நினைத்துக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒருவர் நிற்க, இன்னொருவர் விசையைத் தொட்டால் குண்டு வரும். இந்தச் செட்டில் சரியான நிப்பிளைத்தான் போட்டிருக்கிறார்கள், ஊதிப் பார்த்தேன். தம்பியின் உதிரிப் பெட்டியில் இரண்டு வகையும் ஒன்றாகக் கிடந்தன. வால்வு உள்ளவற்றுக்கெல்லாம் சிவப்புப் பெயின்ட் அடித்துக் கொடுத்தேன்.

ஓ-ரிங். பாட்டில் வாயில் உட்காருவது 015 என்ற அளவு: உள்விட்டம் 14 மில்லிமீட்டர், தடிமன் 1.78. நல்லது எது என்றால் யூரித்தேன், 90 கடினம். செட்டோடு வந்தவை மெத்தென்ற கறுப்பு நைட்ரைல். நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுகிறது. காற்றுக்கு ஓரளவு தாங்கும். கார்பன் டை ஆக்சைடு அதற்குள் ஊறி, பாட்டிலைக் கழற்றியதும் ஓ-ரிங் ஊதிப் பெருத்துக் காடியைவிட்டு எழுந்து நிற்கும். ஹைட்ராலிக் கடையில் 14-க்கு 1.8 யூரித்தேன் என்று கேளுங்கள், கிடைக்கும். 14-க்கு 2 எடுத்துக் கொடுத்து "இதுவே போதும்" என்பார்கள். போதாது, காடியில் உட்காராமல் மரையில் நசுங்கும்.

மரையில் டேப் சுற்றுவது நம் எல்லோருக்கும் கைப்பழக்கம். இங்கே டேப்பின் நூல் ஒன்று உள்ளே போனாலும் ரெகுலேட்டரின் சின்ன ஓட்டையில் போய் அடைத்துக்கொள்ளும். சுற்றித்தான் ஆக வேண்டும் என்றால் முனையில் இரண்டு மரையை விட்டுவிட்டுச் சுற்றுங்கள். நான் த்ரெட் சீலன்ட் ஒரு சொட்டுத் தொட்டு, ஒரு ராத்திரி காயவிடுகிறேன். பாட்டில் திருகும் மரையில் டேப்போ சீலன்ட்டோ எதுவும் கூடாது, அங்கே வேலை ஓ-ரிங்குக்கு.

அப்புறம் எண்ணெய். பட்டறைக்காரனுக்கு எதைப் பார்த்தாலும் ஒரு சொட்டு மெஷின் ஆயில் விடக் கை வரும். காற்று நிரப்பும் நிப்பிளில் பெட்ரோலிய எண்ணெயோ கிரீஸோ படவே கூடாது. 3000 பிஎஸ்ஐ காற்று சட்டென்று உள்ளே பாயும்போது நசுங்கிச் சூடேறும். டீசல் இன்ஜினில் பிளக் இல்லாமலே தீ பிடிப்பது எப்படியோ அப்படி அந்த எண்ணெய் பற்றிக்கொள்ளும். நிரப்பும்போதும் மெதுவாக நிரப்ப வேண்டும். வேகமாக அடைத்தால் பாட்டில் சூடாகும், ஆறியதும் கேஜ் இறங்கும், வாடிக்கையாளர் காற்று குறைவு என்று சண்டைக்கு வருவார்.

செட் விற்பவர்கள் அதே பக்கத்தில் பாட்டிலும் சேர்த்து வாங்கச் சொல்கிறார்கள். அதை வாங்காதீர்கள். 2016-ஆம் ஆண்டு கேஸ் சிலிண்டர் விதிகளின்படி பெசோ (வெடிபொருள், கேஸ் சிலிண்டர் பாதுகாப்பைப் பார்க்கும் மத்திய அரசு அமைப்பு) அனுமதி இல்லாத சிலிண்டரில் வாயு அடைக்கக் கூடாது. பாட்டிலில் அடித்திருக்கிற சோதனைத் தேதியையும் பாருங்கள். ஐந்து வருடத்துக்கு ஒரு முறை தண்ணீர் அழுத்தச் சோதனை வேண்டும்.

பாட்டிலைக் கழற்றும்போது கவனிக்க வேண்டியதும் ஒன்று உண்டு. சில நேரம் பாட்டில் சுற்றும், வால்வு அடாப்டரிலேயே இறுகி நின்றுவிடும். நாம் பாட்டில் கழல்கிறது என்று நினைத்துத் திருகுவோம். உண்மையில் வால்விலிருந்து பாட்டில் கழன்றுகொண்டிருக்கும். கடைசி மரையில் அது ராக்கெட்டாகக் கிளம்பும். வெளிநாட்டில் இதனால் உயிரே போயிருக்கிறது. தடுப்பது சுலபம். வால்விலிருந்து பாட்டில் தோள் வரை நெயில் பாலிஷால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். திருகும்போது கோடு உடையாமல் ஒன்றாகச் சுற்றினால் சரி. கோடு இரண்டாகப் பிரிந்தால் அப்படியே நிறுத்தி, கையை எடுத்துவிட்டு, தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

அடாப்டரும் ஹோஸும் மட்டும் தனியாகக் கிடைத்தால் மூவாயிரம் வரை கொடுக்கலாம் என்பது என் கணக்கு. தம்பியின் மைதானத்தில் இப்போது அந்த இரண்டும்தான் ஓடுகின்றன, சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தால் ஒரு குமிழி இல்லை. ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் போட்டேன். எல்போ மரை தப்பாக இருக்கிறது என்று கேஜோடு படம் எடுத்து விற்பவருக்கு அனுப்பினோம். தகராறு செய்யாமல் புது எல்போ ஒன்று அனுப்பினார்கள். அதையும் கேஜில் வைத்தேன். அதுவும் 28. எல்போ காசை மட்டும் திருப்பிக் கேட்டிருக்கிறோம்.